மழையில் மனை காட்டுதல்

ஹொரமாவு தாண்டி ஆறாவது குறுக்குத் தெரு.
முப்பதுக்கு நாற்பது, கிழக்குப் பார்த்த மனை,
ஏ காத்தா, வங்கிக் கடன் உண்டு.
மார்ச்சில் கேட்டார் குமரகுரு, ஏப்ரலில் கேட்டார்.
"ஒரு மழை பெய்யட்டும் சார்" என்றேன்.
தரகுக்காரி பேசுகிற பேச்சா இது என்று
போனுக்குள்ளேயே சிரித்தார்.

மே பதினேழு, மாலை நாலரைக்கு வந்தது.
கூப்பிட்டேன்.
"குடை எடுத்துக்குங்க. பழைய செருப்பா போட்டுக்குங்க."
ரெபேக்காவுக்கு ஏழாவது மாதம்,
அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

மனையில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை.
அதுதான் சிக்கல்.
நாலடி மண் கொட்டி உயர்த்திய மனை அது.
அதன் மேல் பெய்ததெல்லாம்
எதிர்வீட்டு லோகம்மாவின் அரிசி மூட்டையைத்
தேடிப் போய்க்கொண்டிருந்தது.

பிளாஸ்டிக் உறையிலிருந்த பழைய கிராம வரைபடத்தைக்
குடைக்குள் பிரித்தேன்.
இரண்டு கோடுகள், நடுவில் ஒரு சொல்: ராஜகாலுவே.
ஏரிக்குப் போகும் தண்ணீரின் பாதை.
"இங்கேதான்" என்று காலால் தட்டினேன்.
ரெபேக்கா சட்டென்று ஓரடி பின்னால் போனாள்,
தூங்குகிற நாயை மிதித்துவிட்டவள் மாதிரி.

"பேப்பர் எல்லாம் சரியாத்தானே இருக்கு?"
இருக்கு சார்.
பேப்பர் நனையாத இடத்தில் இருக்கு.

என் இரண்டு சதவீதமும் அந்த நீரோடு போயிற்று.
"மேடம், நீங்க விக்கிறீங்களா, விரட்டுறீங்களா?"
என்று கேட்டார் மனைக்காரர் பசவலிங்கப்பா.

நானும் விற்றவள்தான்.
மெட்ரோவுக்கு ஐந்தே நிமிடம் என்று
நோட்டீஸ் அடித்தவள்தான். எவருடைய கால்களில் ஐந்து?
பள்ளத்து லேஅவுட்டில் மட்டும் பதினேழு வீடுகள்.
ஒரு செப்டம்பர் வெள்ளத்தில்
அங்கிருந்து டிராக்டரில் ஏறி வந்த பெண்ணொருத்தி,
மடியில் ஈரப் பள்ளிக்கூடப் பை,
என்னைப் பார்த்தாள். திட்டவில்லை.
கையசைத்தாள்.

பசவலிங்கப்பாவிடம் ஒன்பதடி கேட்டேன்.
தண்ணீருக்கு அதன் வழி,
மேலே பலகைக் கல் போட்டால்
பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்க ஒரு பாதை,
தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து
லாரிக்கு ஒதுங்காமல் போகிற மாதிரி.
மீதி மனைகளை நானே விற்றுத் தருகிறேன்,
உள்ளதைச் சொல்லி.
"ஒன்பதடி என்ன விலை தெரியுமா?"
தெரியும்.
அந்த விலையை ஏற்றிவிட்டதே நான்தான்.

ஜூனில், வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை,
குமரகுரு வேறொருவர் மூலமாக
வேறெங்கோ முன்பணம் கொடுத்துவிட்டார்.
எங்கே என்று கேட்டேன். சொன்னார்.
வரைபடத்தைப் பிரித்து வெகுநேரம் பார்த்தேன்.
அந்த இடத்துக்குக் கறுப்புக் குடை கூடத் தேவைப்படலாம்,
படாமலும் போகலாம்.
வரைபடத்தை ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.
இரண்டு நீல டிக். பதில் இல்லை.

ஜூலையில் பசவலிங்கப்பா போன் செய்தார்.
"அஞ்சடி. அதுக்கு மேல வாயே திறக்காதீங்க."

மறுநாள் தூறலில் அளவு நாடாவோடு போனேன்.
மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை.
லோகம்மா வந்து பிடித்தாள்,
புடவையைத் தூக்கிச் செருகியபடி.
"எவ்வளவு?" என்றாள்.
"அஞ்சு."
"பத்தாதே" என்றாள்.
நாடாவுக்குக் கீழே தண்ணீர்,
இரண்டு பேரையும் கேட்காமல்,
அகலமாகவே போய்க்கொண்டிருந்தது.