ஒன்றே கால் வோல்ட்

தலைக்கு மேல் அறுநூறு வோல்ட்டை உரசிக்கொண்டு
டௌகவ்பில்ஸ் நகரில் நாளெல்லாம் டிராம் ஓட்டுகிறவள் நான்.
இரவு பதினொன்றுக்குச் சமையலறை மேசையில்
ஒன்றே கால் வோல்ட்டுக்குப் பயப்படுகிறேன்.

விளையாட்டில் எனக்கொரு கடை இருக்கிறது.
ஒரு மேசை, ஒரு திருப்புளி,
எவ்வளவு பிதுக்கினாலும் கையில் ஒட்டாத வெப்பப்பசை.
ஓசோல்ஸ் என்றொரு வாடிக்கையாளர்.
தன் கணினி இன்னும் வேகமாக ஓட வேண்டுமாம்.
எதற்கென்று எழுதவில்லை.
யார்தான் எழுதுகிறார்கள்.

முதல் நாள் எனக்குப் பேராசை.
பெருக்கியை நாற்பத்திரண்டிலிருந்து
ஒரே தாவில் ஐம்பதுக்கு ஏற்றினேன்.
திரை நீலமானது.
அப்படியொரு நீலம் இந்த ஊர் வானத்தில்
ஜூன் மாதம் இரண்டு நாள் வரும்.
வோல்ட்டேஜைக் கூட்டினேன், கொதித்தது.
குறைத்தேன், நீலம்.
மறுபடி கூட்டியபோது இரண்டும் சேர்ந்தே வந்தன,
சண்டை போட்டுவிட்டு
ஒரே குடையில் வீடு திரும்பும் தம்பதி மாதிரி.

எதுவும் எரியவில்லை. விளையாட்டல்லவா.
சில்லறைக்காசு போலொரு பேட்டரியைக் கழற்றி மாட்டினால்
மதர்போர்டு நடந்ததையெல்லாம் மறந்துவிடுகிறது.
எனக்கு அது எங்கே இருக்கிறதென்று
பிடரியைத் தடவிப் பார்த்தேன்.

மூன்றாம் வாரம் புத்தி வந்தது.
ஒரு படி ஏற்று. வெள்ளோட்டம் விடு.
முழுச்சுமையில் அது பத்து நிமிடம் ஓடும்வரை
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்.
(உருளைக்கிழங்கு தோல் சீவலாம்.)
பிறகு இன்னொரு படி.
நாற்பத்தாறில் நிலைத்து நின்றது.
நாற்பத்தேழில் எட்டு நிமிடம் ஜோராக ஓடி
ஒன்பதாவதில் செத்தது.
அந்த எட்டு நிமிடத்தைப் பார்த்து
நான் ஓசோல்ஸுக்குக் கடிதம்கூட எழுதத் தொடங்கியிருந்தேன்.

திரைக்குள் எழுபத்திரண்டு டிகிரி.
திரைக்கு வெளியே
இத்தனையும் நடத்திக்காட்டும் என் பழைய லேப்டாப்
அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய வாணலி.
திரவக் குளிர்விப்பான் வாங்க
விளையாட்டில் என்னிடம் பணம் இருக்கிறது.
நிஜத்தில் ஜன்னல் இருக்கிறது.
மைனஸ் பத்தொன்பதில் ஒரு விரற்கடை திறந்து
அதை விளிம்பில் வைத்தேன்.
கோட்டை மாட்டிக்கொண்டு விளையாடினேன்.

ஜனவரியில் டிப்போவில் புது அட்டவணை ஒட்டினார்கள்.
ரயில் நிலையத்திலிருந்து கோட்டை போய்த் திரும்ப
நாற்பத்தொரு நிமிடம் என்றிருந்தது
முப்பத்தாறு.
ஒரே தாவில்.
தண்டவாளத்தில் உறைபனி,
வளைவில் சக்கரம் பல்லைக் கடிக்கிறது,
வெட்டிய ஐந்து நிமிடத்தில்
எங்கள் கழிப்பறை இருந்தது.

நான்காம் நாள் மோட்ரிஸ்
கடைசி நிறுத்தத்தில் கைப்பிடியை விடாமல்
கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.
பயணிகள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
எட்டு நிமிடம் என்று நினைத்தேன்.
ஒன்பதாவது.

மேற்பார்வையாளர் ஸ்கைட்ரீட்டேயிடம் போனேன்.
வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள்
அவள் மேசை முன்னால் ஒன்றும் எழவில்லை.
"நாற்பது" என்றேன்.
"முதலில் நாற்பது. ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போம்.
நிலைத்தால் முப்பத்தொன்பது."
இதை எங்கே படித்தாய் என்றாள்.
கடையில் என்றேன்.
உனக்கேது கடை என்றாள்.

அட்டவணை மாறவில்லை.
ஓரத்தில் மட்டும் பென்சிலில் ஒரு நாற்பது,
பக்கத்தில் கேள்விக்குறி.
அவள் கையெழுத்துதான்.

ஓசோல்ஸ் நாற்பத்தாறை வாங்கிக்கொண்டார்.
நான்கு நட்சத்திரம் கொடுத்து எழுதியிருந்தார்:
வேகம் பரவாயில்லை. விசிறி இரைகிறது.

இன்று காலை கோட்டை வளைவில்
மெதுவாகவே திருப்பினேன்.
நான்கு நிமிடம் தாமதம்.
பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.
இரையட்டும்.