திரி

நர்ஸ் யாஸ்னா காது மடலைத் தொட்டுத்தான் பார்த்தாள்.
எலெயுதேரியோ போட்ட கூச்சலில்
வாசலில் ஊசிக்குக் காத்திருந்த குழந்தை
முன்கூட்டியே அழுதது.
"இழுத்தால் வலிக்கிறது. அப்படியானால் வெளிக்காதுதான்.
கடல்தண்ணீர் தேங்கிப் புண்ணாக்கிவிட்டது."

சிலோயே மழையில் ஊதிய கதவு
சட்டத்தோடு இறுகுவதுபோல்
துளை அடைத்துக் கிடந்தது.
மருந்து நுழைய வழியில்லை.
பாதித் தீக்குச்சி நீளத்தில் ஒரு திரியை
இடுக்கியால் உள்ளே செருகினாள்.
"மருந்தைக் குடித்து இது பருக்கும்.
வீக்கம் வடிந்தால் தானே விழும்.
காலையும் இரவும் ஐந்து சொட்டு,
உள்ளங்கையில் குப்பியைச் சூடாக்கிவிட்டு.
பத்து நாள் முங்கக் கூடாது."

சொல்வதை ஒரு காதில் வாங்கி
மறு காதில் விடுகிறவன்.
இப்போது, விடுகிற காதுதான் அடைத்திருந்தது.

கீழே அவன், படகில் நான்:
இருபத்திரண்டு வருடமாக எங்கள் பேச்சு
மஞ்சள் காற்றுக்குழாய் வழியாக.
ஓர் இழுப்பு, நலம்.
இரண்டு, கூடையை ஏற்று.
மூன்றை அவன் ஒரே ஒருமுறை இழுத்திருக்கிறான்.

சொட்டு விட்டபின் ஐந்து நிமிடம்
அசையாமல் படுக்க வேண்டும்,
நோயுற்ற காது மேலே,
நல்ல காது தலையணைக்குள்.
சுவரோடு பேசுவதுபோல் அவனோடு பேசினேன்.
முதல் இரவு டீசல் விலை.
இரண்டாம் இரவு அவன் தங்கை வாங்கிய கடன்.
மூன்றாம் இரவு, எப்படியோ, அது:

"அன்றைக்கு கம்ப்ரசர் பழுதாகி நிற்கவில்லை.
பாவ்திலியோ சரியாகத்தான் பூட்டியிருந்தான்.
டேங்கைப் பார்க்க மறந்தது நான்."

முதுகு அசையவில்லை.
விளக்கை அணைத்தேன்.

மறுநாள் மதியம் யாஸ்னா
காதுக்குள் வெளிச்சம் அடித்தாள்.
"நன்றாக வடிந்திருக்கிறதே. திரி எங்கே?"
"விழுந்துவிட்டது."
"எப்போது?"
அவன் அவளைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்து,
"முந்தாநாள்" என்றான்.

திரும்பும்போது வீட்டுப் பக்கம் வளையவில்லை.
மெக்கானிக் கொட்டகைக்கு இறங்கும் சேற்றுப் பாதையில்
முன்னால் நடந்தான்,
காது நனையாமல் ஒரு கையால் பொத்திக்கொண்டு.
ஏழு வருடமாக அந்தப் பக்கம்
எச்சில் துப்பக்கூடத் திரும்பாதவன்
தகரக் கதவைத் தட்டினான்.

நான் மேட்டிலேயே நின்றேன்.
இரவுச் சொட்டுக்கு இன்னும் நேரமிருந்தது.
இருந்தாலும் குப்பியை எடுத்து
உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.