கட்டைவிரல் அறியும்

வங்கிகள் கதவைச் சாத்திய அந்த டிசம்பரில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
சட்டிகளைத் தட்டினார்கள்.
இந்தப் பக்கம் நான்.
இருபத்தோரு வருஷம் நோட்டு எண்ணிய கட்டைவிரலை
உள்ளங்கைக்குள் மடித்து ஒளித்துக்கொண்டேன்.
மார்ச்சில் நானும் அந்தப் பக்கம்.

ரொசாரியோவின் தெற்கே மூடிக்கிடந்த
பொத்தான் ஆலைக்குள்
சனிக்கிழமைதோறும் சந்தை.
பெசோ அங்கே செல்லாது.
நாங்களே அச்சடித்த சீட்டுதான்:
ஊதா மை, ஓம்பூ மரம் ஒன்று,
ஓரத்தில் இரண்டு கையெழுத்து. ஒன்று என்னுடையது.
பெயர் வைக்க மூன்று கூட்டம் போட்டு
இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனபின்
'பொத்தான்' என்றே ஆயிற்று.

இறைச்சி எம்பனாடா நாலு, ஒரு பொத்தான்.
முடி வெட்ட மூன்று.
பல் பிடுங்க எவரிஸ்டோ இருபது கேட்டான்.
பிடுங்கி முடித்ததும் பதினெட்டு போதும் என்றான்,
பக்கத்துப் பல்லும் கொஞ்சம் ஆடிவிட்டதாம்.

ஒரே மாடிப்படியில் பதினான்கு வருஷம்
ஏறி இறங்கியிருக்கிறோம்.
மேல்வீட்டுக்காரி பெயர் ஓஃபேலியா என்பது
என் திரைச்சீலையைத் தைத்துக் கொடுத்து
ரசீதில் அவள் எழுதியபோதுதான் தெரிந்தது.

முதல் வாரங்களில் கோட்டு போட்டவர்கள்
யாருக்கோ துணைக்கு வந்ததுபோல்
சுவரைப் பார்த்து நின்றார்கள்.
ஆலையின் பழைய மேலாளர்
தான் வேலையை விட்டு அனுப்பிய பெண்ணிடமே
பூசணி ஜாம் வாங்க நேர்ந்தது.
மீதியை அவள் அவர் கையில் தரவில்லை.
மேஜைமேல் வைத்தாள்.
அடுத்த வாரமும் மேஜைமேல்.
குளிர்காலம் முடியும்போது கையில் தந்துகொண்டிருந்தாள்.
எந்தச் சனிக்கிழமை அது மாறியது என்று
பார்க்கத் தவறிவிட்டேன்.

ஆனால் பொத்தானுக்கு
பஸ் நிற்கவில்லை, மின்சாரம் வரவில்லை,
இன்சுலின் கிடைக்கவில்லை.
மாவு மில்லும் பெசோதான் கேட்டது.
அதனால் ரொட்டிக் கடைகள் குறைந்தன,
ஜோசியக் கடைகள் கூடின.
ஆறு பொத்தானுக்கு என் எதிர்காலம் கேட்டேன்.
பிரயாணம் இருக்கிறது என்றாள்.

செப்டம்பரில் முட்டைக்காரர் கிளிசேரியோ
ஒரு சீட்டை என்னிடம் நீட்டினார்.
பக்கத்தில் ஓஃபேலியா.
தடவினேன்.
தாள் நன்றாக இருந்தது. அதுதான் கோளாறு.
எங்களுடையது பள்ளிக்கூட நோட்டு அட்டை மாதிரி சொரசொரக்கும்.
இது வழவழவென்று இருந்தது.
என் கையெழுத்தை
என்னைவிட நிதானமாக யாரோ போட்டிருந்தார்கள்.

வங்கியில் என்றால் சிவப்பு முத்திரை,
மேனேஜர், காவலர் இரண்டு பேர்.
இங்கே எல்லாம் நானே.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு முட்டை.
தெரிந்து கொடுத்தாளா, அவளிடமும் யாராவது தள்ளிவிட்டார்களா,
அதைச் சொல்ல விரலுக்குத் தெரியாது.

"நல்ல நோட்டுதான்" என்றேன்.
கிளிசேரியோ சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
நம்பினார், என் விரலை.

நவம்பரில் நாலு எம்பனாடா நாற்பது பொத்தான்.
வழவழப்புத் தாள் மூட்டையாக வந்தது,
எங்கிருந்து என்று ஆளுக்கொரு கதை.
கிளிசேரியோ கோழிகளை விற்றார். பெசோவுக்கு.
அந்த ஆறு முட்டைதான் சந்தையைக் கவிழ்த்தது
என்று சொல்லமாட்டேன்.
சொல்லாமல் தூங்கவும் முடியவில்லை.

பொத்தான் ஆலைக்கு மறுபடி பூட்டு.
போன வாரம் என் குழாய் ஒழுகியது.
ஓஃபேலியாவின் தம்பி, கேட்காமலே,
ஸ்பானருடன் இறங்கி வந்தான்.
ஒரு மணிநேரம் மண்டியிட்டிருந்தான்.
"எவ்வளவு?" என்றேன்.
வாயைத் திறந்தான், மூடினான்.
"இருக்கட்டும்" என்றான்.

எந்தக் கணக்கில் இருக்கட்டும் என்று
அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.
குழாய் சொட்டவில்லை.