ஒரு ராத்தல்

மூலைக்கரைப்பட்டி விலக்கில் இறங்கி
அரை மைல் நடக்க வேண்டும்.
இரண்டு பக்கமும் உடைமரம்.
பழைய கஞ்சித்தொட்டிக் கொட்டாரம்தான்
இப்போது தாது வருச நினைவகம்.
டிக்கெட் ஐந்து ரூபாய்.
வெள்ளிக்கிழமை, ரேசன் கடைக்கு விடுமுறை,
எனக்கு வேறு போக்கிடமும் இல்லை.

செருப்பைக் கழற்றவா என்று கேட்டேன்.
காவலாளி வெயிலுகந்தான் யோசித்தார்.
"கோயில் இல்லையே," என்றார். பிறகு,
"உங்க இஷ்டம்."
கழற்றினேன். நடைக்கல் சுட்டது. மாட்டிக்கொண்டேன்.

முதல் அறையில் புகைப்படங்கள்.
விலா எலும்பு தெரிய உட்கார்ந்திருப்பவர்களை
யாரோ அசையாதே என்று சொல்லியிருக்கிறார்கள்.
அசையத் தெம்பிருந்த ஒரு குழந்தை மட்டும்
முகமில்லாமல் கலங்கியிருக்கிறது.
அதன் முன்னால்தான் கொஞ்சம் நின்றேன்.

அடுத்து ஒரு பேரேடு, கண்ணாடிக்குள்.
பூச்சி தின்றது போக மிச்சம்:
"பெண். ஊர் தெரியாது. சாலையில்."
"ஆண். பெயர் சொல்லுமுன்."
"பெண். மடியில் புளியங்கொட்டை."
எழுதியவனுக்கு முத்து முத்தான எழுத்து.
என்னுடையதும் அப்படித்தான்,
தணிக்கைக்கு வந்தவர்கள் பாராட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் அறையில் ஒரு துணிப்பை, அரிசியோடு.
நிவாரண வேலையில் ஒரு நாள் கூலி:
ஓர் அணா, ஒரு ராத்தல் தானியம்.
"தூக்கிப் பாருங்கள்" என்று எழுதியிருந்தது.

தூக்கினேன்.
பதினாறு வருசம் எடை போட்ட கை.
ராத்தல் என்றால் நானூற்று ஐம்பத்து மூன்று கிராம்.
இது நானூறைத் தாண்டாது.

"குறையுதே," என்றேன்.
வெயிலுகந்தான் சிரித்தார்.
"பள்ளிக்கூடப் பிள்ளைய வரும்லா,
ஆளுக்கு ஒரு நுள்ளு வாயில போட்டுரும்.
படத்தப் பாத்ததும் பசிக்குமாம்.
சனிக்கிழம நான் நிரப்பிருவேன்.
வீட்டு அரிசிதான். ரேசன்."

எந்தக் கடை என்று ஏன் கேட்டேனோ.
ஊரைச் சொன்னார்.
என் கடை இல்லை. மூச்சு வந்தது.

எந்தக் கடையானால் என்ன,
மூட்டை ஐம்பது கிலோ என்று வரும்,
நாற்பத்தெட்டு இருக்கும்.
கிட்டங்கியில் போனது, லாரியில் சிந்தியது,
அந்த இரண்டை எவன் தலையில் கட்ட?
டப்பாவைத் தராசில் வைத்ததும்
பூஜ்யமாக்க வேண்டும். மறப்பேன்.
மறப்பது பழகிவிட்டது.

போன மாதம் ஆறுமுகக்கனி வந்தாள்.
பீடி சுற்றித் தேய்ந்த விரல்,
மெசின் ஏற்கவில்லை.
முந்தானையில் துடைத்துத் துடைத்து
ஐந்து தடவை வைத்தாள்.
நாளைக்கு வா என்றேன்.
பையை நாலாக மடித்துக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.
எட்டு நாள் கழித்து வந்து
ஊர் கேட்கச் சண்டை போட்டு வாங்கிப்போனாள்.

அதுவும் இதுவும் ஒன்றல்ல, தெரியும்.
அவர்கள் செத்தார்கள்.
இவளுக்குக் கத்தத் தொண்டை இருந்தது.

வாசலில் வருகைப் பதிவேடு.
எனக்கு முன்னால் வந்தவர்கள்
அருமை என்று எழுதியிருந்தார்கள்,
கண்ணீர் வந்தது என்று எழுதியிருந்தார்கள்,
குடிதண்ணீர் வசதி தேவை என்றும் ஒருவர்.
கருத்து என்ற கட்டத்தில் நான்
"பையில் ஐம்பது கிராம் குறைகிறது" என்று எழுதினேன்.
அழகாக, கோடு தாண்டாமல்.
பெயர் எழுதினேன். ஊர் எழுதினேன்.
தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது.

வெயிலுகந்தான் மணி பார்த்தார்.
"நாலரைக்கு ஒரு பஸ் உண்டு,
அத விட்டா ராத்திரிதான்."