தண்டு வலித்தல்

இரண்டாயிரம் மீட்டர்.
அதற்கு மேல் ஒரு முழம்கூட
பந்தயத்தில் வலித்ததில்லையாம்.
புன்னமடைக் காயலில் கற்று
போபால் ஏரியில் வெள்ளி வாங்கிய
லேயா குருவிளா
ஆரம்பாக்கத்துக் கரைக்கு
மிஷன் டாக்டராக வந்த வருஷம்
நான் அங்கே சளி பார்க்கிற பையன்.
கண்ணாடித் துண்டும் சாயப் புட்டியும்தான் உலகம்.

பதக்கத்தைக் கொண்டுவந்திருந்தார்.
பிள்ளை நிறுக்கும் தராசு சரியா என்று
திங்கள்தோறும் அதை மாட்டிப் பார்ப்போம்.
நூற்றெழுபது கிராம்.
"வெள்ளியில்லை, முலாம்"
முதல் நாளே அவரே சொல்லிவிட்டார்.

ஜெபம், கண்ணைத் திறந்துகொண்டு.
யாரையும் கோயிலுக்குக் கூப்பிட்டதில்லை.
கணக்குக் கேட்டு வந்த போதகர்
"இந்த வருஷம் எத்தனை பேர்?" என்றதற்குக்
காசநோய்ப் பதிவேட்டை நீட்டினார்.

ஏரியில் எங்களுக்குக் கழிதான்.
இடுப்பளவுத் தண்ணீர், அடியில் சேறு.
நின்று, ஊன்றி, முன்னே பார்த்துப் போவோம்.
அவரோ ஆசாரியை அழைத்து
பழைய ஃபைபர் படகின் விளிம்பில்
இரண்டு முளை அடித்து
இரண்டு தண்டு கட்டி
முதுகு காட்டிப் போனார்.
போகிற இடத்தைப் பார்க்காத படகு.
பூநாரைகூடச் சிரிக்கிறது என்பார் கன்னியப்பன்.

மாசி அமாவாசைக்கு முந்தின இரவு
தீவிலிருந்து போன்.
செங்கம்மாவுக்குப் பிள்ளையின் கை முதலில் வந்துவிட்டது.
டீசல் படகு சூளூர்ப்பேட்டைப் பட்டறையில்.
கன்னியப்பன் எங்கள் வார்டில்
மூன்றாவது கட்டிலில், காய்ச்சலோடு.

திரும்பும்போது
அணியத்தில் நான், டார்ச்சோடு,
"இடம்... இன்னும் இடம்... வலை இருக்கு, பார்த்து."
எனக்குத் தெரிந்தது டாக்டரின் முதுகு.
டாக்டருக்குத் தெரிந்தது
செங்கம்மாவின் முகம் மட்டும்.
கழி ஊன்றியிருந்தால்
அது முதுகுக்குப் பின்னால் கிடந்திருக்கும்.

"வலி... வலி..."
ஒவ்வொரு இழுப்புக்கும்
தனக்குத்தானே, மலையாளத்தில்.
இழு என்று அர்த்தம். எனக்கே பிறகுதான் தெரியும்.
தமிழும் தெலுங்கும் மட்டும் தெரிந்த செங்கம்மா
அந்த இருட்டில், அந்த நிலையில்,
கையை நீட்டி
டாக்டரின் முழங்காலைத் தடவிக்கொடுத்து
"ரொம்ப வலிக்குதாம்மா?" என்றாள்.

ஒரு இழுப்பு தவறியது.
ஒன்றுதான்.

நாற்பத்தொரு நிமிடம்.
செங்கம்மா பிழைத்தாள்.
பையன் இல்லை.
எந்தத் தண்ணீரில் நின்றது அந்தத் துடிப்பு,
ஆந்திராவிலா, தமிழ்நாட்டிலா?
அழுதிருந்தால்
சான்றிதழுக்கு இரண்டு தாசில்தார் மல்லுக்கு நின்றிருப்பார்கள்.
யாரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து
விடியுமுன் படகைக் காணோம்.
நாற்பத்துமூன்று வயதில்
டாக்டரம்மா விளையாடுது என்றது ஊர்.
உள்ளங்கை மறுபடி காய்த்துப்போக
கையுறை மாட்டும்போது முனகுவார்.
நான் சளிப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துவைத்தேன்:
நாற்பது.
நாற்பதரை, எதிர்க்காற்று.
முப்பத்தொன்பது.
ஆடியில், முப்பத்தேழு.

அடுத்த வருஷம் செங்கம்மா வந்தாள், ஏழு மாதம்.
சீட்டு வாங்காமல், வரிசையில் நிற்காமல்
நேரே உள்ளே.
"இன்னும் வலிக்குதாம்மா?"

ரத்த அழுத்தப் பட்டையை
அவள் கையில் சுற்றிக்கொண்டே
டாக்டர் சொன்னார்: "வலிக்கிறேன்."

தப்புத் தமிழ் என்று
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.