பச்சைச் சொட்டு

வெள்ளிக்கிழமை, சிமெண்டுத் தரையில்
ஒரு காசு அகலம்.
ஞாயிற்றுக்கிழமை உள்ளங்கை அகலம்.
தோல்மினில் பச்சையாக எது மினுங்கினாலும்
முதலில் சோச்சா ஆறுதான் ஞாபகம் வரும்.
விரலில் தொட்டு மோந்தேன்.
ஆற்றுக்கு இப்படி ஒரு தித்திப்பு வாசம் கிடையாது.

எண்பத்தொன்றாம் வருடத்து ஹோண்டா.
கோபாரித் ஊர் பொகோமிலிடம் வாங்கினேன்.
பெட்ரோல் டேங்கைத் தட்டிக்கொடுத்து
"ஒரு சொட்டு சிந்தாது" என்றார்.
ஒரு சொட்டுதான் சிந்தவில்லை.

குறைந்தால் ஊற்று, ஓட்டு என்பதுதான்
பழைய வண்டி வைத்திருப்பவர்களின் வேதம்.
நானும் அப்படியே இருந்திருப்பேன்,
அடுத்த வீட்டு லோய்ஸ்காவின் பூனை பெப்சா
அந்தப் பச்சையை நக்கத் தலை குனியாதிருந்தால்.
ஸ்பானரைத் தரையில் எறிந்தேன். ஓடிவிட்டது.
நக்கியதா இல்லையா,
சரியாகப் பார்க்கவில்லை.
ஒரு கரண்டி போதுமாம்
பூனையின் சிறுநீரகத்துக்கு.
கராஜ் கதவைச் சாத்திவிட்டு டார்ச்சை எடுத்தேன்.

சொட்டு விழும் இடம் வேறு,
புறப்படும் இடம் வேறு.
ஓடும் வண்டியில் காற்று
முன்னால் கசிந்ததைப் பின்னால் இழுத்துப்போய்
சம்பந்தமில்லாத போல்ட்டின் தலையில் கட்டிவிடும்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருந்தது.
ஹோஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன்.
இடப்பக்கக் கிளாம்ப் ஒன்று தளர்ந்திருந்தது.
அகப்பட்டாய் என்று
இரண்டு சுற்று முறுக்கிவிட்டு
பீர் குடிக்கப் போனேன்.

காலையில் மறுபடி ஒரு காசு.

சூட்டில் சொட்டவே இல்லை.
வர்ஷிச் கணவாயின் ஐம்பது கொண்டை ஊசி வளைவுகளையும்
ஏறி இறங்கினேன், அடிவயிறு காய்ந்தே கிடந்தது.
இரவு குளிர் மூன்று டிகிரிக்கு இறங்கி
உலோகம் சுருங்கிய பிறகுதான்
எங்கோ ஒரு பிடி நெகிழ்கிறது.

ஆகவே இரவில் உட்கார்ந்தேன்.
எஞ்சினைத் துடைத்து
இடுக்கெல்லாம் டால்கம் பவுடர் அடித்து
(வண்டியில் குழந்தை வாசம்)
கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி
முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பத்து நிமிடத்தில் முள் சரிந்தது.
வெள்ளைப் பொடியில், எஞ்சினின் முதுகுப் பக்கம்,
மயிரிழை போல ஒரு பச்சைக் கோடு.

கண் எட்டாத இடம்.
நான் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன்.
வாய்க்கண்ணாடி ஒன்று எப்போதும் பையில் கிடக்கும்.
அதை நீட்டி, டார்ச்சைச் சாய்த்து,
"இன்னும் கொஞ்சம் திறங்கள்" என்று
என்னை அறியாமல் சொன்னேன்.

வாட்டர் பம்புக்குக் கீழே துளை.
உடைசல் இல்லை, தொழிற்சாலையில் போட்ட துளை.
உள்ளே சீல் தேய்ந்தால்
தண்ணீர் ஆயிலில் கலக்காமல் வெளியே வரட்டும்,
வண்டிக்காரனுக்குத் தெரியட்டும் என்று வைத்தது.
அதில் சாம்பல் நிற எபாக்ஸி.
மேலே கறுப்புப் பெயிண்ட் வேறு.
முழுப் பூசணிக்காய்; சோறுதான் போதவில்லை.

சீழ் பிடித்த பல்லின் மேல்
அழகாகச் சிமெண்டு வைத்து அனுப்பப்பட்டவர்கள்
எங்களிடம் வருவதுண்டு,
பாதி முகம் வீங்கி.
ஆயில் மூடியைத் திருகினேன்.
உட்புறத்தில் பால் காபியின் ஆடை.

பொகோமிலுக்கு போன் செய்தேன்.
"அந்த ஓட்டையா? ஆமாம், நான்தான் அடைத்தேன்.
மூன்று வருடம் தாங்கியதே!"
குரலில் பெருமை.
எனக்குத் திட்டு வரவில்லை,
சிரிப்பும் வரவில்லை.

எபாக்ஸியை ஊசியால் நோண்டி எடுத்தேன்.
முதலில் துரு நிறத்தில் கொஞ்சம்,
பிறகு பச்சை,
நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக.
ஆயிலையும் மீதிக் கூலன்டையும் வடித்துக்
கேன்களில் அடைத்து மேல் அலமாரியில் ஏற்றினேன்.
சீல் மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும்.
அது பனிக்கால வேலை.

தரையை மூன்று முறை கழுவினேன்.
கையையும் கழுவிக்கொண்டு
லோய்ஸ்காவின் கதவைத் தட்டினேன்.
தூக்கக் கலக்கத்தோடு திறந்தாள்.

"பெப்சா ராத்திரி சாப்பிட்டாளா?"

"ஏன்?" என்றாள்.