பட்டாணி வரிசை

பாசல் நகரை நான்
குளிரை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.
எந்த ட்ராமில் ஏசி வேலை செய்யாது,
எந்தத் தேவாலயம் பகலில் பூட்டாது,
எந்த நீரூற்றில் மணிக்கட்டை நனைத்தால்
யாரும் முறைக்கமாட்டார்கள்.

முப்பது பாகை தாண்டினால்
இடது கால் சொல்வழி கேட்காது.
எண்ணெய் பூசின கண்ணாடிபோல
பெயர்ப்பலகைகள் வழுக்கும்.
நரம்பின் உறை தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர்.
வயர் உரிஞ்ச ஃபேன் என்று
விளங்கிக்கொண்டேன்.

"நீங்கள் வெக்கை நாட்டுக்காரிதானே,
இதெல்லாம் உங்களுக்கு ஒரு சூடா?"
பக்கத்து இருக்கை சிரித்தது.
பதில் சொல்ல ஜெர்மன் இருந்தது,
மூச்சுத்தான் இல்லை.

ரைன் ஆற்றில் பாதி ஊர் மிதக்கிறது.
எனக்கு நீச்சல் தெரியாது.

சூப்பர்மார்க்கெட்டில்
உறைந்த பட்டாணிக் கதவைத் திறந்து
முழங்கை மட்டும் கையை விட்டு நின்றேன்.
கண்ணாடியில் பனி படர்ந்து
என் முகம் காணாமல் போனது.
சீருடைப் பையன் ஒருவன் வந்தான்,
சட்டையில் பெஸ்னிக் என்று பெயர்.
கதவை மூடச் சொல்லப்போகிறான்;
மன்னிப்பை ஜெர்மனில் அடுக்கினேன்,
வினைச்சொல் கடைசியில் வரவேண்டும்.

அதற்குள் அவன்
வெறும் பால்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தான்
நான் உட்கார.
"என் அம்மா தயிர்ப் பக்கம் நிற்பா.
அங்கே கதவே இல்லை."

வீடு திரும்பும்போது பையில்
நாலு பக்கற் பட்டாணி.
ட்ராமில் கழுத்துக்கு இரண்டு,
முழங்காலுக்குப் பின்னால் ஒன்று.
எதிரே இருந்த குழந்தை
வைத்த கண் வாங்கவில்லை.
நாலாவதை நீட்டினேன்.
கன்னத்தில் வைத்துக்கொண்டது.